ஏழாம் அத்தியாயத்தில் நின்றுபோன நாவல்: அன்றாட எழுத்தை எதை வைத்து அளக்கிறீர்கள்?

இட்டேரி · ஜூலை 6, காலை 6.20

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். காலை நாலே முக்காலுக்கு எழுந்து ஆறு மணி வரை எழுதுவேன். அதற்குப் பிறகு பால்காரர், பிள்ளைகள், டிபன் டப்பா. பத்திரிகைகளில் ஐந்து சிறுகதைகள் வந்திருக்கின்றன. நாவல் இதுதான் முதல்.

கதை சென்னிமலைப் பக்கம், நொய்யல் கரையில் ஒரு குடும்பம். 1992இல் ஒரத்துப்பாளையம் அணை வந்தபோது இனி நம் வெள்ளாமைக் காட்டுக்குத் தண்ணீருக்குப் பஞ்சமில்லை என்று நம்பியவர்கள். அணையில் வந்து தேங்கியதோ சாயக்கழிவு. கடைசியில் "அந்தத் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள்" என்று விவசாயிகளே கேட்கவேண்டி வந்தது. அந்தக் குடும்பத்தின் பண்ணையம் எப்படிக் கலைந்துபோகிறது என்பதுதான் நாவல். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நாளோடு முடிப்பதாகத் திட்டம்.

மார்ச்சில் தொடங்கினேன். தினமும் 500 சொல் இலக்கு. முதல் ஆறு அத்தியாயங்கள் மளமளவென்று ஓடின. ஏழாவதில் நின்று இன்றோடு பத்தொன்பது நாள். எழுதாமல் இல்லை. தினமும் 500 எழுதுகிறேன், மறுநாள் காலையில் அதையே அடித்துவிட்டு வேறு 500 எழுதுகிறேன். எக்செல்லில் ஓர் அட்டவணை வைத்திருக்கிறேன். அதைப் பார்த்தால் நான் பெரிய உழைப்பாளி. நாவலைத் திறந்தால் அந்தக் குடும்பத்து அம்மா இன்னும் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருக்கிறாள்.

நீங்களெல்லாம் ஒரு நாளின் வேலையை எதை வைத்து அளக்கிறீர்கள்? சொல்லா, பக்கமா, மணிக்கணக்கா?


வெள்வேலன் · ஜூலை 6, காலை 9.05

அக்கா, அட்டவணையை மட்டும் கைவிட்டுவிடாதீர்கள். நான் காங்கேயத்தில் ஒரு தேங்காய்க் களத்தில் கணக்கு எழுதுகிறேன். இரவு ஒன்பது மணிக்கு ஒரு செயலியில் தொடர்கதை போடுகிறேன். தினம் 900 சொல், நேற்று 112ஆம் பகுதி. எண்ணிக்கை என்று ஒன்று இல்லாவிட்டால் நான் ஒரு வரி எழுதியிருக்க மாட்டேன். அவ்வளவு சோம்பேறி.

நவம்பர் மாதத்தில் 50,000 சொல்லுக்கு ஒரு நாவலை எழுதி முடிக்கும் நானோரைமோவில் இரண்டு முறை கலந்துகொண்டேன். 1999இல் அமெரிக்காவில் ஒரு சின்ன நண்பர் கூட்டம் தொடங்கியது. நடத்திவந்த அமைப்பு 2025 மார்ச்சில் மூடுவதாகச் சொல்லிவிட்டது. முப்பது நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 1,667. முதல் முறை பாதியில் நின்றேன். இரண்டாம் முறை 30ஆம் தேதி இரவு 11.40க்கு முடித்தேன். அந்த நாவல் குப்பைதான். ஆனால் உட்கார்ந்தால் எனக்கு எழுத வரும் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.


பாரம்16 · ஜூலை 6, பிற்பகல் 2.40

தம்பி, அந்த 1,667 ஆங்கிலக் கணக்கு. அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து தமிழில் போட்டு நிறுத்தக் கூடாது. நான் கோவையில் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைக்கிறவன். "பேசிக் கொண்டிருந்த போது" என்று ஒருவர் தட்டச்சு செய்தால் கணினி மூன்று சொல் என்கிறது. மெய்ப்புப் பார்ப்பவர் இடைவெளியை எடுத்து "பேசிக்கொண்டிருந்தபோது" என்று சேர்த்துவிட்டால் ஒன்று. எழுத்தாளர் ஓர் எழுத்தைக்கூட இழக்கவில்லை, இரண்டு சொல் மாயம். மெய்ப்பிலிருந்து திரும்பிய ஒரு நாவலின் சொல் எண்ணிக்கை குறைந்திருப்பதைப் பார்த்து, யாரோ ஓர் அத்தியாயத்தையே வெட்டிவிட்டார்கள் என்று ஆசிரியர் என்னிடம் சண்டைக்கு வந்தார். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து வரிவரியாகக் காட்டிய பிறகுதான் காப்பி குடித்தார்.

எழுத்தை எண்ணலாமே என்பார்கள். அதுவும் ஏமாற்றும். யூனிகோடில் "அ" என்றால் ஒன்று. "கோ" என்றால் ககரம் ஒன்று, அதன் துணைக்குறி ஒன்று, ஆக இரண்டு.

எங்கள் தொழிலில் கணக்கு பாரம்தான். டெம்மி என்ற புத்தக அளவில் பதினாறு பக்கம் ஒரு பாரம். பதின்மூன்று பாரம் என்றால் 208 பக்கம், மெலிந்ததும் இல்லை, பருத்ததும் இல்லை. அம்மணி, உங்கள் ஆறு அத்தியாயங்களையும் டெம்மி அளவில் போட்டுப் பாருங்கள். எத்தனை பக்கம் வருகிறது?


இட்டேரி · ஜூலை 6, இரவு 9.50

போட்டுப் பார்த்தேன். 74. என் அட்டவணை சொல்லும் எண்ணிக்கைக்கு நூறு தாண்டியிருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். நான் இடைவெளி விட்டு எழுதுகிற ஆள் என்பது இப்போதுதான் உறைக்கிறது.


மஞ்சள்மண்டி · ஜூலை 7, காலை 5.45

ஓய்வுபெற்ற ஆசிரியன், ஈரோடு. எண்ணி எழுதுவதை இழிவாகப் பேச ஒரு கூட்டம் எப்போதும் உண்டு. இங்கேயும் வரும். அதற்கு முன்னால் ஒருவரைச் சொல்லிவிடுகிறேன். ஆந்தனி டிராலப், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர், அஞ்சல் துறை ஊழியர். விடிகாலை ஐந்தரைக்கு மேசையில் உட்காருவார். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 சொல். பிறகு வேலைக்குக் கிளம்புவார். நாற்பதுக்கு மேல் நாவல்கள். அவர் இறந்த பிறகு 1883இல் வெளியான தன்வரலாற்றில் இதையெல்லாம் மறைக்காமல் சொல்லியிருந்தார். கலையைக் கடிகாரத்தோடு கட்டிவிட்டாரே என்று வாசகர்கள் முகம் சுளித்தார்கள். நாவல்களில் கடிகாரச் சத்தம் கேட்கிறதா என்றால், எனக்குக் கேட்கவில்லை.

இன்னொன்று. அவரை விடிகாலையில் எழுப்பிக் காப்பி கொடுக்க ஒரு வேலையாள் இருந்தார். அதற்காக அவருக்கு ஆண்டுக்கு ஐந்து பவுண்டு தனிச் சம்பளம்.


இட்டேரி · ஜூலை 7, காலை 6.02

ஐயா, அந்த ஐந்து பவுண்டு ஆள் எனக்குக் கிடைத்தால் நானும் நாற்பது எழுதுவேன். எங்கள் வீட்டில் காப்பி போடுவது யார் என்பதை இந்த உரையாடல் இழையில் சொல்லவேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.


தறிமேடை · ஜூலை 7, இரவு 10.15

மஞ்சள்மண்டி ஐயா எதிர்பார்த்த கூட்டம் வந்துவிட்டது. ஒற்றை ஆள்தான்.

சோமனூரில் எட்டு விசைத்தறி ஓட்டுகிறேன். ஐந்தாறு கதைகள் எழுதியிருக்கிறேன், ஆண்டுக்கு ஒன்று வந்தால் அதிகம். நூறு மீட்டர் ஓட்டிவிட்டேன் என்று துணியைக் கொண்டுபோனால் வியாபாரி முதலில் மீட்டரைக் கேட்பதில்லை. மடிப்பைப் பிரித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிக்கிறார். எங்கே இழை அறுந்து ஓடியிருக்கிறது என்று பார்க்கிறார். அப்புறம்தான் மீட்டர். எங்களுக்குக் கூலி மீட்டருக்குத்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் அறுந்த இழையோடு ஓடிய மீட்டரை யாரும் எடுப்பதில்லை.

அது கிடக்கட்டும். அம்மணி, பத்தொன்பது நாளாக அந்த அம்மா வாசற்படியில் எதற்கு நிற்கிறாள்? எங்கே போகவேண்டியவள்?


இட்டேரி · ஜூலை 8, காலை 6.10

நல்ல கேள்வி அண்ணா. யாரும் இதைக் கேட்கவில்லை. நானும் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

காடு பாழாகிவிட்டது. கிணற்றுப் படியில் தண்ணீர் இறங்கிய இடமெல்லாம் வெள்ளையாகப் படலம் கட்டியிருக்கிறது. அவள் முதல் முறையாகக் கூலி வேலைக்குப் போகிறாள். சென்னிமலையில் கைத்தறிக் கூடத்தில் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளை, பிணைக்கும் வேலை. பண்ணையத்தில் பத்துப் பேருக்குச் சோறு போட்டவள் இன்னொருவர் வீட்டு வாசலைத் தாண்டவேண்டும். அந்த அவமானத்தைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டேன். உள்ளே நுழைந்ததும் "அவள் இழைகளை ஒவ்வொன்றாகப் பின்னத் தொடங்கினாள்" என்ற வரிக்குமேல் நகரவில்லை.


தறிமேடை · ஜூலை 8, காலை 6.40

பின்னுவதா? பாவு பிணைக்கிறவர் எதையும் பின்னுவதில்லை. நீங்கள் பார்த்ததில்லை, அதனால்தான் உங்கள் அம்மாவும் உள்ளே போகமாட்டேன் என்கிறாள். என் அத்தை சென்னிமலையில் முப்பது வருடமாக அதே வேலை. ஒரு ஞாயிறு வாருங்கள், நான் சொல்லிவைக்கிறேன். ஜமுக்காளமும் போர்வையும் வாங்கிக் குவிக்கிற ஆட்களுக்கு ஓர் இழையை எப்படிச் சேர்க்கிறார்கள் என்பது தெரியாது. எழுதுகிறவர்களுக்குமா தெரியக் கூடாது?


அமராவதிக்கரை · ஜூலை 8, முற்பகல் 11.30

கரூரிலிருந்து. மொழிபெயர்ப்பு செய்கிறேன், அவ்வப்போது கதை. எனக்கு வழி வேறு. தெரியாத இடத்தில் வெற்றுக்கோடு போட்டுவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுவேன். முதல் படி முடிந்த பிறகு கோடுகளை நிரப்பலாம். ஒரு வேலையின் நுணுக்கம் தெரியவில்லை என்பதற்காக ஒரு நாவல் நிற்கலாமா?


தறிமேடை · ஜூலை 8, இரவு 10.30

கோடு போட்டுவிட்டுப் போகலாம், அது சும்மா ஒரு தகவலாக இருந்தால். பஸ் டிக்கெட் விலையென்றால் கோடு போதும். இங்கே அந்த அம்மா தன்னை யார் என்று தெரிந்துகொள்வதே அந்த வேலையில்தான். அதைக் கோடு போட்டுவிட்டுப் பின்னால் வருகிறவற்றை எழுதினால், பின்னால் வருவது வேறொரு அம்மாவின் கதையாக இருக்கும்.


இட்டேரி · ஜூலை 20, இரவு 11.10

போய்வந்தேன். திருப்பூரிலிருந்து ஊத்துக்குளி வழியாக பஸ். ஊத்துக்குளியில் இறங்கி வெண்ணெய் வாங்கினேன். அது இந்த இழைக்குச் சம்பந்தமில்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பழைய பாவு தீர்ந்துபோகும்போது அதை முழுக்க ஓட்டிவிடுவதில்லை. இழைகள் கோத்திருக்கும் அச்சுக்கும் விழுதுக்கும் பின்னால் கொஞ்சம் இழையை விட்டுவைக்கிறார்கள். புதுப் பாவைக் கொண்டுவந்து எதிரே கட்டுகிறார்கள். பிறகு அத்தை இரண்டுக்கும் நடுவில் சப்பணமிட்டு உட்காருகிறார். பழைய இழை ஒன்று, புது இழை ஒன்று. இரண்டு நுனியையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சேர்த்து ஒரு முறுக்கு. அந்த முறுக்கை மடக்கி இழையோடு படுக்கவைத்து மறுபடி ஓர் உருட்டு. முடிந்தது. முடிச்சே இல்லை. முடிச்சுப் போட்டால் அச்சில் நுழையாது என்றார். விரல் வழுக்காமல் இருக்கத் தேங்காய்த் தொட்டியில் சாம்பல் வைத்திருக்கிறார். பத்துப் பன்னிரண்டு இழைக்கு ஒருமுறை அதில் விரல் போய்வருகிறது. இப்படி இரண்டாயிரத்துக்கு மேல்.

அவர் விரலைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார், தொலைக்காட்சியைப் பார்த்தார், வாசலில் போகிறவர்களை விசாரித்தார். நான் முயன்றேன். நாலாவது இழையிலேயே முறுக்கு பிரிந்துகொண்டது. அத்தை சிரிக்கவில்லை. "இது எழுத்து இல்லை கண்ணு, விரல் சூடு வேண்டும்" என்றார்.

ஒன்று கேட்டேன். கடைசியில் ஓர் இழை மிஞ்சிவிட்டால்? அப்போதுதான் அவர் கை நின்றது. மிஞ்சினால் எங்கோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். தேட வேண்டும். சில நாள் விளக்கைப் போட்டுக்கொண்டு தேடியிருக்கிறாராம்.

நாவலில் என் அம்மா முதல் நாள் வேலையில் அவமானத்தில் குனிந்திருப்பதாக எழுதியிருந்தேன். குனிய நேரமில்லை. முதல் நாள் அவள் நாலாவது இழையில்தான் இருப்பாள்.


இட்டேரி · ஜூலை 27, காலை 6.15

ஏழாம் அத்தியாயத்தின் பழைய 2,900 சொல்லையும் தூக்கிவிட்டேன். இந்த வாரம் புதிதாக எழுதியதில் நின்றது 740. ஆக அட்டவணையில் இந்த வாரம் மைனஸ் 2,160. சிவப்பு எழுத்தில் வருகிறது. கம்பெனிக் கணக்கில் இப்படி வந்தால் முதலாளி கூப்பிட்டு உட்காரவைப்பார்.


வெள்வேலன் · ஜூலை 27, காலை 8.30

அக்கா, அடித்ததைக் கழிக்கவே கூடாது. எழுதியதைக் கூட்டுவது மட்டும்தான் விதி. அடித்ததும் எழுதிய நாளின் உழைப்புதானே? பழையதைத் தனிக் கோப்பில் எடுத்து வைத்துவிடுங்கள். மைனஸ் பார்த்தால் மறுநாள் உட்காரத் தோன்றாது.


பாரம்16 · ஜூலை 27, காலை 10.00

கழிக்கத்தான் வேண்டும். வெட்டத் தெரியாதவர்களின் 480 பக்க நாவல்களை வடிவமைத்து எனக்குக் கண்ணாடி எண் ஏறிவிட்டது.


வெள்வேலன் · ஜூலை 27, காலை 10.20

அண்ணா, உங்களுக்கு வெட்ட வசதி இருக்கிறது. தொடர் எழுதுகிறவனுக்கு ஏது? நேற்று வந்ததை நாலாயிரம் பேர் படித்துவிட்டார்கள். 14ஆம் பகுதியில் எங்கள் கதாநாயகன் வீட்டுக் கிணறு கிழக்கே. 97ஆம் பகுதியில் நானே மறந்துபோய் மேற்கே வைத்துவிட்டேன். அன்றிரவு பதினொரு பேர் கேட்டார்கள். வேறு வழியில்லாமல் 98ஆம் பகுதியில் அவன் தாத்தா காலத்தில் இன்னொரு கிணறு இருந்ததாக ஒரு கதை கட்டினேன். இப்போது அந்த இரண்டாவது கிணற்றில்தான் மொத்தக் கதையும் ஓடுகிறது. வெட்டியிருந்தால் அது கிடைத்திருக்குமா?


தறிமேடை · ஜூலை 27, இரவு 10.05

தம்பி சொன்னதில் இதுதான் முதல் உருப்படியான வாதம். ஒப்புக்கொள்கிறேன்.


மஞ்சள்மண்டி · ஆகஸ்ட் 3, இரவு 8.00

ஆடிப் பதினெட்டு. பவானி கூடுதுறையில் கூட்டத்தில் செருப்பைத் தொலைத்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

இட்டேரி அம்மணி ஏழாம் அத்தியாயத்தின் முதல் நாலு பக்கத்தை எனக்கு அனுப்பியிருந்தார். அவர் அனுமதியோடு இரண்டு குறை சொல்கிறேன்.

ஒன்று, "அவள் மனதில் கவலை நிறைந்தது" என்ற வரி. எங்கள் பக்கத்துக் கிழவர்களிடம் கவலை என்றால் இன்றைக்கும் மாடு பூட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைத்த கவலையைத்தான் நினைப்பார்கள். மனதில் இருப்பதற்கு நம் பெண்கள் சொல்லும் சொல் வெசனம். பாத்திரத்தின் நினைவோட்டத்தில் அதைப் போடுங்கள். கிணறு வற்றிய வீட்டில் கவலை நிறைந்தது என்று எழுதினால் சிரித்துவிடுவார்கள்.

இரண்டு, உரையாடலில் எல்லாச் சொல்லுக்கும் ஒரு "ங்க" ஒட்டியிருக்கிறீர்கள். நம் ஊர் மரியாதை என்று வெளியூர்க்காரர்கள் உப்பைப்போல் தூவுவது அது. நாம் அப்படியா பேசுகிறோம்? சினம் ஏற ஏறத்தான் நம் ஆட்களுக்கு "ங்க" கூடும். பங்காளிகள் வரப்புச் சண்டையில் நிற்கும்போது கேட்டுப் பாருங்கள், அத்தனை மரியாதை எந்தத் திருமண வீட்டிலும் கிடைக்காது. உங்கள் அம்மா தறிக்காரரிடம் முதல் நாள் சாதாரணமாகப் பேசட்டும். கூலியைக் குறைக்கிற நாளில் "சரிங்க" என்று மட்டும் சொல்லட்டும்.


பொருநை · ஆகஸ்ட் 4, காலை 7.15

திருநெல்வேலியிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். வெசனம் என்றால் எங்களுக்கு எப்படிப் புரியும்? அதே நாலு பக்கத்தில் பொடக்காலி என்று ஒன்று இருக்கிறதாமே? பின்னால் அருஞ்சொற்பொருள் போடுவீர்களா?


மஞ்சள்மண்டி · ஆகஸ்ட் 4, காலை 7.50

வீட்டுக்குப் பின்புறம், குளிக்கவும் பாத்திரம் கழுவவும் புழங்கும் இடம். ஒருத்தி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பொடக்காலிக்குப் போனாள் என்று படித்தால் அவள் கோயிலுக்குப் போகவில்லை என்பது உங்களுக்குப் புரியாதா? ஆர். சண்முகசுந்தரத்தின் நாகம்மாள் நாவல் 1942இல் வந்தது. கொங்குப் பேச்சு அச்சில் ஏறி எண்பது ஆண்டு தாண்டிவிட்டது. நாங்கள் உங்கள் ஊர் நாவல்களில் வரும் சொற்களை அகராதி இல்லாமல்தான் படித்து வளர்ந்தோம்.


பொருநை · ஆகஸ்ட் 4, காலை 8.05

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. கோபம் வந்ததால்தான் இவ்வளவு மரியாதையாகச் சொல்கிறீர்களோ என்று ஒரு சந்தேகம்.


பாரம்16 · ஆகஸ்ட் 9, மாலை 6.30

ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குப் போயிருந்தேன். 2005இல் தொடங்கியதிலிருந்து போகாத ஆண்டு குறைவு. அங்கே மூன்று எழுத்தாளர்கள் ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்குள் நாவல் வரவேண்டும் என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். மூவரும் இன்னும் எழுதி முடிக்கவில்லை. அக்டோபர் கடைசிக்குள் கையெழுத்துப்படி வந்தால்தான் மெய்ப்பு இரண்டு முறை பார்க்க முடியும். நவம்பரில் வந்தால் ஒரு முறை. டிசம்பரில் வந்தால் கடவுள் பார்ப்பார். அம்மணி, நீங்கள் எப்படி?


இட்டேரி · ஆகஸ்ட் 10, காலை 6.00

எட்டாம் அத்தியாயம் முடிந்தது. ஒன்பது ஓடுகிறது. ஜனவரி ஆசை இருக்கிறது, மறைப்பானேன். அமெரிக்க நாவலாசிரியர் ஹெமிங்வே சொன்னதாக அமராவதிக்கரை அக்கா எனக்குத் தனியே எழுதியதைப் பிடித்துக்கொண்டேன்: அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய எழுத்தை நிறுத்திவிடுவது. ஒரு வாரமாக வாக்கியத்தின் நடுவிலேயே எழுந்துபோகிறேன். மறுநாள் உட்கார்ந்ததும் கை ஓடுகிறது.


தறிமேடை · ஆகஸ்ட் 10, இரவு 10.40

அது நாளைக் காலை தன்னுடையது என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்கு. எனக்கு நாளை மின்வெட்டா, நூல் வருமா, ஆள் வருவாரா என்று தெரியாது. எழுதுகிற அன்றே முடித்துவிட்டால்தான் உண்டு. பாதியில் விட்ட வாக்கியங்கள் என் நோட்டில் நாற்பது இருக்கின்றன. எதற்கு எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை.


இட்டேரி · செப்டம்பர் 14, காலை 10.30

நேரத்தைப் பார்த்திருப்பீர்கள். இன்று ஞாயிறு என்பதால் அல்ல. ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்ட பிறகு எங்கள் கம்பெனியில் ஆர்டர்கள் நின்றுவிட்டன. மிகைநேர வேலை இல்லை. அலுவலகத்தில் எங்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் விடுப்பு, சம்பளம் கிடையாது. மாதக்கணக்கில் ஏங்கிய நேரம் இப்போது கைநிறைய இருக்கிறது. மூன்று வாரத்தில் எழுதியது இரண்டு பக்கம்.

மடிக்கணினியைத் திறந்தால் நாவல் கோப்புக்குப் பதிலாக வீட்டுச் செலவுக் கோப்பைத் திறக்கிறேன். அதிலும் கழித்தல்தான்.


அமராவதிக்கரை · செப்டம்பர் 14, பிற்பகல் 12.10

கரூரிலும் இதே நிலைமைதான். எங்கள் தெருவில் மேசை விரிப்பும் திரைச்சீலையும் தைத்து அனுப்பும் கூடங்களில் பாதி விளக்குகள் அணைந்திருக்கின்றன. மொழிபெயர்ப்பு இருப்பதால் நான் தப்பித்தேன். அதில் அடுத்த வரியை வேறொருவர் எழுதிவைத்துவிட்டார், என் வெசனத்துக்கு அங்கே இடமில்லை.

ஒரு யோசனை. இப்போது புதிதாக எழுதாதீர்கள். முதல் ஆறு அத்தியாயங்களைக் கையால் நோட்டில் பெயர்த்து எழுதுங்கள். தினம் இரண்டு பக்கம். யோசிக்கத் தேவையில்லை. கை பழக்கத்தில் இருந்தால் போதும்.


வெள்வேலன் · செப்டம்பர் 14, பிற்பகல் 12.40

அக்கா, உங்களுக்கு மட்டும் இந்த மாதம் இலக்கு பூஜ்யம் என்று நான் அறிவிக்கிறேன். எண்ணிக்கைக் கட்சியின் தலைவன் என்ற முறையில் எனக்கு அந்த அதிகாரம் உண்டு.


இட்டேரி · அக்டோபர் 12, காலை 6.05

பெயர்த்து எழுதினேன். நாலாம் அத்தியாயத்தில் கை நின்றது. மூத்த மகன் சாயப்பட்டறைக்கு வேலைக்குப் போகிறான் என்று நான்தான் மே மாதத்தில் எழுதியிருக்கிறேன். ஒற்றை வரி, அப்புறம் அவனை மறந்தேவிட்டேன். வேகமாகத் தட்டச்சு செய்து ஓடியபோது இதன் கனம் தெரியவில்லை. நோட்டில் எழுதும்போது பேனா அங்கேயே நின்றுவிட்டது. காட்டைக் கெடுத்த தண்ணீரில் கையை வைத்துச் சம்பாதித்து அதே வீட்டுக்கு அரிசி வாங்கிவருகிறான். அவனைப் பற்றி ஆறு அத்தியாயத்துக்கு நான் வாயே திறக்கவில்லை.


தறிமேடை · அக்டோபர் 12, இரவு 9.30

அப்படியானால் நீங்கள் போட்டுவைத்த முடிவும் நிற்காது. 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடியது உங்கள் அம்மாவுக்குத் தீர்ப்பு. மகனுக்கு வேலை போன நாள். என் மச்சான் அப்போது திருப்பூரில் ஒரு பட்டறையில் விஞ்ச் என்ற சாயம் ஏற்றும் எந்திரத்தில் இருந்தார். அவர் வீட்டிலும் நொய்யல் பாசனத்தில் மூன்று ஏக்கர் உண்டு. அன்று மாலை வீட்டுக்கு வந்தவரிடம் என் மாமனார் எதுவும் பேசவில்லையாம். யார் பக்கம் பேசுவது?


மஞ்சள்மண்டி · அக்டோபர் 13, காலை 5.50

அம்மணி, அந்தப் பேசாத மாமனாரை எனக்குக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் எழுதாவிட்டால் நான் எழுதிவிடுவேன்.


இட்டேரி · அக்டோபர் 13, காலை 6.00

கொடுக்கமாட்டேன் ஐயா.


பாரம்16 · நவம்பர் 2, முற்பகல் 11.00

அக்டோபர் முடிந்துவிட்டது. ஜனவரிப் பட்டியலில் உங்கள் பெயரைப் போட்ட பதிப்பாளர் என்னிடம் விசாரித்தார். என்ன சொல்லட்டும்?


இட்டேரி · நவம்பர் 2, பிற்பகல் 3.20

இல்லை என்று சொல்லிவிடுங்கள் அண்ணா. மூத்தவனை இரண்டாம் அத்தியாயத்திலிருந்தே கொண்டுவரவேண்டும். நீங்கள் சொன்ன பதின்மூன்று பாரமும் போதாது என்று தோன்றுகிறது.


பாரம்16 · நவம்பர் 2, பிற்பகல் 3.35

சொல்லிவிட்டேன். அவர் பெருமூச்சு விட்டார். எனக்கு ஒரு நாவல் குறைந்ததில் இரவு கொஞ்சம் தூங்கலாம்.


இட்டேரி · டிசம்பர் 7, காலை 6.25

131 பக்கம். ஆர்டர் கொஞ்சம் வந்திருக்கிறது, வாரத்தில் ஒரு நாள் விடுப்புதான் இப்போது. அட்டவணையை நிறுத்தவில்லை, ஆனால் ஞாயிறு அன்றுதான் எண் போடுகிறேன். மற்ற நாளில் அந்தக் கட்டத்தில் மறுநாள் எங்கே தொடங்கவேண்டும் என்று ஒரு வரி மட்டும். இன்றைய வரி: "மூத்தவன், பூட்டிய பட்டறைக் கதவு, கையில் நீலம்."

அதில் ஒரு சந்தேகம் வந்து நின்றுவிட்டேன். வேலை நின்று ஒரு வாரம் கழித்து வீட்டில் சாப்பிட உட்காருகிறான். அப்போதும் நகத்தில் சாயம் தெரியுமா? அம்மா அதைப் பார்க்கவேண்டும். தெரியாதென்றால் காட்சியே இல்லை.


தறிமேடை · டிசம்பர் 7, காலை 8.10

மச்சானிடம் இப்போதுதான் போனில் கேட்டேன். உள்ளங்கையில் போய்விடுமாம், நகக்கண்ணில் நிற்குமாம். எந்த நிறம் எத்தனை நாள் நிற்கும் என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கு எழுதி மாளவில்லை. நேரில் வந்து கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த ஞாயிறு ஐந்து மணிக்கு மேல் எங்கள் வீட்டில்தான் இருப்பார். சோமனூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கூப்பிடுங்கள்.


இட்டேரி · டிசம்பர் 7, காலை 8.25

வருகிறேன் அண்ணா. அண்ணியிடம் காப்பி மட்டும் போதும் என்று சொல்லிவையுங்கள். போன முறை சென்னிமலையில் அத்தை போட்ட சந்தகையைச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் நாலே முக்காலுக்கு எழுந்திருக்கவே முடியவில்லை.